இறந்து பிழைத்தவர் வீடு திரும்பிய பிறகு

ஆசிரியருக்கு,

‘இறந்தவர் எழுந்தார்’, ‘எமலோகம் போய் வந்த பெண்’ என்று ஒரு தலைப்பு வந்தால் போதும், கொட்டாஞ்சேனையிலிருந்து தெஹிவளை வரை அன்றைக்கே வட்ஸ்அப்பில் சுற்றிவிடுகிறது. அப்படியான செய்திகளில் இரண்டு விடயங்கள் விடுபட்டுப்போகின்றன. இதயம் உண்மையில் நின்றதா, நின்றால் எவ்வளவு நேரம் என்பது ஒன்று. வீடு திரும்பிய பிறகு அந்த மனிதருக்கும் அவர் குடும்பத்துக்கும் என்ன ஆனது என்பது மற்றது. இரண்டாவதைப் பற்றித்தான் முக்கியமாக எழுதுகிறோம். சொர்க்கம் உண்டா இல்லையா என்ற வாக்குவாதத்தால் யாருக்கும் உயிர் போவதில்லை. ஆனால் பிழைத்து வந்தவர் மாத்திரையை நிறுத்திவிட்டு நேர்த்திக்கடனுக்குக் கிளம்பினால் போகலாம்.

முதலில் மருத்துவப் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். இதயம் நின்று 10 முதல் 20 வினாடிக்குள் மூளையின் மின்னலைகள் ஈஈஜி பதிவில் மட்டமாகிவிடும். மூளைக் கலங்கள் அந்தக் கணமே அழிந்துவிடுவதில்லை. நெஞ்சை 5 முதல் 6 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்திக்கொண்டிருந்தால் மூளைக்குக் கொஞ்ச இரத்தமாவது போய்க்கொண்டிருக்கும். நன்றாக அழுத்தப்படும்போது சில நோயாளிகள் கண் திறப்பதும், அழுத்துகிறவரின் கையைத் தள்ளிவிடப் பார்ப்பதும் உண்டு. கையை எடுத்தால் மறுபடி மயங்குவார்கள். ஆகவே ‘டொக்டர் சொன்னது எல்லாம் எனக்குக் கேட்டது’ என்று ஒருவர் சொன்னால் அதில் ஒரு பங்கு உண்மையாகவே காதில் விழுந்ததாக இருக்கலாம். சிகிச்சையை நிறுத்திய சில நிமிடங்களில் இதயம் தானாகத் துடிக்கத் தொடங்குவதும் அபூர்வமாக நடக்கிறது. அதனால்தான் நெஞ்சழுத்தத்தை நிறுத்திய கையோடு மரணத்தை உறுதி செய்யாமல் சில நிமிடங்கள் பார்த்திருக்கிறார்கள். பிரேதப் பெட்டியில் எழுந்து உட்கார்ந்தார் என்று ஒரு செய்தி வந்தால், மரணத்தை யார், எப்படி, எத்தனை நிமிடம் பார்த்து உறுதி செய்தார் என்பதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

இனி ஆய்வுகள். நெதர்லாந்தில் 10 வைத்தியசாலைகளில் இதயம் நின்று மீட்கப்பட்ட 344 பேரை பிம் வான் லொம்மல் என்ற இதய நோய் நிபுணரும் அவரது குழுவினரும் விசாரித்து, 2001இல் ‘லான்செட்’ சஞ்சிகையில் வெளியிட்டார்கள். 62 பேர், அதாவது 18 சதவீதத்தினர், ‘மரணத்தறுவாய் அனுபவம்’ என்று சொல்லப்படுகிற ஏதோ ஒன்றை, அதாவது சாவின் விளிம்பில் எதையோ கண்டதாகவோ உணர்ந்ததாகவோ, சொன்னார்கள். மிகுதிப் பேருக்கு ஒன்றுமே ஞாபகமில்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது: ஒன்றும் காணாமல் மீண்டவர்கள்தான் பெரும்பான்மை. ‘உனக்கு மட்டும் ஏன் ஒண்டும் தெரியேல்ல’ என்று அவர்களைக் குடைந்து, ஏதோ புண்ணியக் குறைபோல ஆக்கிவிடுகிற உறவினர்கள் இருக்கிறார்கள். இதயம் எவ்வளவு நேரம் நின்றது, என்ன மருந்து கொடுத்தார்கள், முன்பு மரண பயம் இருந்ததா என்பவற்றுக்கும் அனுபவம் வந்ததற்கும் அந்த ஆய்வில் தொடர்பு தென்படவில்லை.

2014இல் வெளிவந்த, சாம் பார்னியா என்ற வைத்தியரின் ஆய்வில், கூரையருகில் தட்டுகள் பொருத்தி, மேலிருந்து பார்த்தால் மட்டும் தெரிகிற படங்களை அவற்றில் வைத்தார்கள். உடலைவிட்டு மேலே போனவர் உண்மையில் பார்க்கிறார் என்றால் படத்தைச் சொல்ல வேண்டும் அல்லவா? நல்ல யோசனை. ஆனால் மனிதர்கள் தட்டு இருக்கிற இடம் பார்த்தா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுகிறார்கள்? இதயம் நின்ற 2060 சம்பவங்களில் 78 சதவீதம் தட்டு இல்லாத இடங்களில் நடந்துவிட்டன. பார்த்ததும் கேட்டதும் தெளிவாக நினைவிருந்த இருவரும் அப்படியான இடங்களில்தான் கிடந்தார்கள். 2023இல் வந்த அவரது அடுத்த ஆய்வில் படுக்கையருகிலேயே கணினித் தட்டையும் காதுக்குள் ஒலிக்கும் சொற்களையும் வைத்துப் பார்த்தார்கள். 567 பேரில் உயிர் பிழைத்தவர்கள் 53 பேர், பேட்டி கொடுக்க முடிந்தவர்கள் 28 பேர். படத்தை ஒருவரும் சொல்லவில்லை. சொற்களை ஒருவர் சொன்னார். அதே ஆய்வில், நெஞ்சழுத்தம் தொடங்கி ஒரு மணி நேரம் வரையிலும்கூடச் சிலரது மூளையில் விழித்திருப்பவர்களுடையதைப் போன்ற அலைகள் இடையிடையே பதிவாகியிருந்தன. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஜிமோ போர்ஜிகின் குழுவினர் 2013இல் எலிகளிலும், 2023இல் உயிர்காப்புக் கருவி அகற்றப்பட்ட 4 நோயாளிகளில் இருவரிடமும் சாகும் தறுவாயில் காமா அலைகள் எனப்படும் வேகமான மூளை மின்னலைகள் திடீரென உயர்வதைக் கண்டார்கள். அந்த நோயாளிகள் இறந்துவிட்டதால் என்ன கண்டார்கள் என்று கேட்க வழியில்லை. எங்கள் மதிப்பீடு இதுதான்: இந்த ஆய்வுகளைக் கொண்டு மறுவுலகத்தை நிரூபிக்கவும் முடியாது, ‘எல்லாம் பிரமை’ என்று கோப்பை மூடவும் முடியாது. குடும்பத்தார் இதில் ஒரு பக்கம் சேர வேண்டிய அவசியமும் இல்லை.

என்ன காண்கிறார்கள் என்பதிலும் ஒரு தெளிவு வேண்டும். அமெரிக்க மனநல மருத்துவர் புரூஸ் கிரேசன் 1983இல் வகுத்த 16 கேள்விகள்தான் இத்துறையில் நெடுங்காலம் அளவுகோலாக இருந்துவருகின்றன. ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2 புள்ளி, ஆகக் கூடியது 32. 7 புள்ளியும் அதற்கு மேலும் வந்தால் அதை மரணத்தறுவாய் அனுபவம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். நேரம் நின்றதுபோல் இருந்ததா, பழைய காட்சிகள் வந்தனவா, ஆழ்ந்த அமைதி இருந்ததா, உடலிலிருந்து பிரிந்ததுபோல் இருந்ததா, இறந்துபோன உறவினரைக் கண்டதுண்டா, தாண்டினால் திரும்ப முடியாத எல்லை ஒன்று தெரிந்ததா என்று கேள்விகள் போகின்றன. எல்லோரும் பேசுகிற சுரங்கம் அந்த 16இல் இல்லை. ஆகவே ‘சுரங்கம் தெரிந்ததா’ என்று கேட்டு, இல்லை என்றதும் ‘அப்ப அது கனவுதான்’ என்று தீர்ப்புச் சொல்பவர்கள் அளவுகோலையே அறியாதவர்கள்.

காண்பது ஊருக்கு ஊர் மாறும். ஆய்வாளர்களான சத்வந்த் பஸ்ரிச்சாவும் இயன் ஸ்டீவன்சனும் 1986இல் வட இந்தியாவிலிருந்து 16 சம்பவங்களை வெளியிட்டார்கள். பலவற்றில் தூதர்கள் வந்து கூட்டிப்போகிறார்கள், ஒருவர் ஏட்டைப் புரட்டிப் பார்க்கிறார், ‘இந்த ஆள் இல்லை, ஆள் மாறிவிட்டது’ என்று திருப்பி அனுப்புகிறார். சித்திராப் பௌர்ணமிக்குக் கோயிலில் சித்திரபுத்திரனார் கதை படிக்கக் கேட்டு, கஞ்சி குடித்து வளர்ந்த நமக்கு அந்த ஏடு யாருடையது என்று சொல்லத் தேவையில்லை. கத்தோலிக்க வீட்டில் வளர்ந்தவர் மாதாவையோ அந்தோனியாரையோ கண்டதாகச் சொல்லலாம். ஒரே வாட்டில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் கிடக்கிற இருவர் இரண்டு விதமாகச் சொன்னால் ஒருவர் பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை. தெரிந்த முகங்களைத்தான் மனம் அங்கேயும் கொண்டுபோகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். வருகிறவர் தெரிந்த முகத்தில் வருகிறார் என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

இவற்றோடு போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாதது ஐசியூவில் (தீவிர சிகிச்சைப் பிரிவில்) வருகிற டெலிரியம், அதாவது நோயால் வருகிற திடீர் மனக்குழப்பம். ‘மிஸ்ஸி ஊசியில் நஞ்சு ஏத்துறா’, ‘சுவரில் பூச்சி ஊருது’, ‘என்னை எங்கேயோ கடத்திக்கொண்டு வந்திட்டாங்கள்’ என்று வரும். காலையில் தெளிவு, இரவில் குழப்பம் என்று ஏறி இறங்கும். சொல்வது துண்டு துண்டாக இருக்கும், நாளைக்கு வேறு மாதிரி இருக்கும். ஐசியூவில் இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. பத்து எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்லி, குறிப்பிட்ட எழுத்து வரும்போது மட்டும் கையை அழுத்தச் சொல்வார்கள். இரண்டுக்கு மேல் பிழை விட்டால் கவனம் நிலைக்கவில்லை என்று அர்த்தம். அந்த நிலையில் இருப்பவரிடம் ‘என்ன கண்டீங்கள்’ என்று கேட்டுப் பதிவு செய்வது வீண்வேலை. டெலிரியம் தொற்றாலும், மருந்தாலும், உப்புச் சமநிலை குலைவதாலும், ஒட்சிசன் குறைவாலும் வருவது. உடனே வைத்தியரிடம் சொல்ல வேண்டும். நூல் கட்டுவதற்கு ஆள் தேடிக்கொண்டிருந்தால் தொற்று முற்றிவிடும். மரணத்தறுவாய் அனுபவமோ ஒழுங்கான வரிசையில் இருக்கும், வருடங்கள் போனாலும் அதிகம் மாறாது. கிரேசன் 72 பேரிடம் ஏறத்தாழ 20 ஆண்டு இடைவெளியில் இரண்டு தடவை அதே கேள்விகளைக் கேட்டார். காலம் போகப் போகக் கதை ஊதிப் பெருத்திருக்கவில்லை.

ஆனால் அது நடுவில் யாரும் கைவைக்காதபோது. எங்கள் ஊரில் பார்வையாளர் நேரம் தொடங்கினால் கட்டிலைச் சுற்றி ஏழெட்டுப் பேர். மாமி கேட்பார், ‘வெளிச்சம் தெரிஞ்சதோ?’ சித்தப்பா கேட்பார், ‘அம்மா வந்து கூப்பிட்டவவோ?’ களைத்துப்போய்க் கிடப்பவர் எதற்கும் ஓம் என்பார். மூன்றாம் நாள் அந்த ஓம் எல்லாம் அவருடைய நினைவாகிவிடும். அதன்பின் எந்த ஆய்வாளர் வந்தாலும் எது அவர் கண்டது, எது மாமி கொடுத்தது என்று பிரிக்க முடியாது.

ஆகவே முதல் பேச்சை ஒருவர் மட்டும், நோயாளிக்கு நெருங்கிய ஒருவர், கேட்பது நல்லது. நாள், இடம், யார் வந்திருக்கிறார்கள் என்பதெல்லாம் சரியாகச் சொல்லத் தொடங்கிய பிறகு கேட்கலாம். கேள்வி ஒன்றே ஒன்று: ‘அப்பா, நினைவு தப்பிக் கிடந்த நேரம் உங்களுக்கு ஏதாவது ஞாபகம் இருக்கோ?’ இருந்தால், ‘பிறகு?’ என்பதற்கு மேல் எதுவும் வேண்டாம். இல்லை என்றால் விட்டுவிட வேண்டும். சிலர் சொல்ல மாதங்கள், சிலர் வருடங்கள் எடுப்பார்கள். சொல்பவரின் வாயில் வந்த சொல்லிலேயே, அது சிங்களமாக இருந்தாலும் ஆங்கிலமாக இருந்தாலும், ஒரு கொப்பியில் எழுதி, திகதியும் நேரமும் பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பதும் குறிக்க வேண்டும். அவர் சம்மதித்தால் தொலைபேசியில் ஒலிப்பதிவு செய்யலாம். அந்தப் பதிவு குடும்ப வட்ஸ்அப் குழுவுக்குப் போகக் கூடாது. வீடு போகும்போது தரும் டயக்னோசிஸ் கார்ட்டில் இதயம் நின்ற நேரம், எத்தனை நிமிடம் நெஞ்சழுத்தம் கொடுத்தார்கள், எத்தனை தடவை மின்னதிர்ச்சி கொடுத்தார்கள் என்பவை இல்லாவிட்டால் வாட்டை விட்டுக் கிளம்புமுன் கேட்டு எழுதுவித்துக்கொள்ளுங்கள். ‘சிவப்புச் சட்டை போட்ட ஒருவர் கதவடியில் நின்றார்’ என்று நோயாளி சொன்னால், அதைச் சரிபார்க்குமுன் எழுதியிருந்தால்தான் பெறுமதி. சரிபார்த்த பிறகு எழுதினால் அது வெறும் செவிவழிக் கதை.

பெரிய வேலை இனித்தான் தொடங்குகிறது. நெதர்லாந்து ஆய்வில் 2 ஆண்டின் பின்னும் 8 ஆண்டின் பின்னும் அவர்களைத் தேடிப்போய்ப் பார்த்தார்கள். அனுபவம் வந்தவர்களுக்கு மரண பயம் குறைந்திருந்தது, மறுமை நம்பிக்கை கூடியிருந்தது, பிறர்மேல் பரிவு கூடியிருந்தது. பணம், பதவி, நாலு பேர் என்ன சொல்வார்கள் என்பதெல்லாம் பின்னுக்குப் போயிருந்தன. அந்த மாற்றம் 2ஆம் ஆண்டைவிட 8ஆம் ஆண்டில்தான் தெளிவாகத் தெரிந்தது. அதாவது அனுபவம் சில நிமிடம், அது வாழ்க்கையில் ஊறி இறங்க வருடக்கணக்கு. ஐசியூவிலிருந்து வந்த மூன்றாம் வாரமே ‘ஞானி ஆகிவிட்டார்’ என்று ஆரத்தி எடுப்பதும், ஆறாம் மாதத்தில் ‘எல்லாம் போய்விட்டது, பழைய ஆள்தான்’ என்று ஏமாறுவதும் இரண்டுமே அவசரம்.

கேட்க நன்றாக இருக்கிற இந்த மாற்றங்கள் வீட்டுக்குள் அவ்வளவு இனிமையாக இறங்குவதில்லை. செட்டியார் தெருவில் கடை வைத்திருப்பவர் கடன்காரரை நெருக்க மனம் வராமல் கொப்பியைக் கிழித்துப் போட நினைக்கிறார். மகளின் சீதனத்துக்கென்று சேர்த்ததை ஒருவருக்குத் தூக்கிக் கொடுக்க நினைக்கிறார். மனைவிக்கு அது பரிவாகத் தெரியாது, பைத்தியமாகத் தெரியும். இன்னும் கூர்மையான பிரச்சினை, திரும்பி வந்ததே பிடிக்காமல் இருப்பது. ‘அங்கேயே விட்டிருக்கலாம்’ என்று அவர் சொன்னால், இரவு பகல் ஐசியூ வாசலில் தவம் கிடந்த மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் அது எப்படி இருக்கும்? இந்தப் பேச்சு இத்துறையில் தெரிந்த ஒன்றுதான்; குடும்பத்தின் மேல் வெறுப்பு என்று எடுக்கத் தேவையில்லை. ஆனால் அதோடு தூக்கமின்மை, சாப்பாடு வேண்டாமை, எதிலும் பிடிப்பில்லாமை ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மனச்சோர்வா என்று வைத்தியரிடம் காட்ட வேண்டும். மாரடைப்புக்குப் பின் மனச்சோர்வு வருவது சாதாரணம். அனுபவம் வந்தவர் என்பதால் அவருக்கு அது வராது என்றில்லை.

ரமண மகரிஷியின் கதையைப் பலரும் இதற்கு உதாரணம் காட்டுவார்கள். அவருக்கு இதயம் நிற்கவில்லை, நோயும் இல்லை. 1896இல் மதுரையில் 16 வயதில் திடீரென மரண பயம் வந்தது, படுத்துக்கொண்டு சாவைத் தானே விசாரித்தார். ஆகவே இந்த ஆய்வுகளோடு அப்படியே ஒட்டிப் பேச முடியாது. ஆனால் அதன்பின் வீட்டில் நடந்தது அச்சொட்டாக இதேதான். பள்ளிப் பாடத்தில் மனம் போகவில்லை, மாறிப்போனான் என்று வீட்டில் கண்டனம். அண்ணன் குத்திச் சொன்ன ஒரு சொல்லோடு, கல்லூரிச் சம்பளமாகக் கட்டக் கொடுத்த 5 ரூபாயில் 3 ரூபாயை எடுத்துக்கொண்டு, 2 ரூபாயையும் ஒரு துண்டுக் கடிதத்தையும் வைத்துவிட்டுத் திருவண்ணாமலைக்குப் போனார். கணக்குத் தவறாமல் 2 ரூபாயை வைத்துவிட்டுப் போனதைக் கவனியுங்கள். வீட்டார் ஏசியது அறியாமையால். அதை வைத்து அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. எல்லோரும் ரமணராகப் போவதில்லை; எல்லோருக்கும் வாடகையும் வைத்தியச் செலவும் இருக்கிறது.

அதனால் ஒரு நடைமுறை எல்லை போட்டுக்கொள்வது புத்தி. வீடு திரும்பி ஆறு மாதம் வரையிலாவது காணி உறுதி, வேலை இராஜினாமா, சேமலாப நிதி எடுத்தல், விவாகரத்து, இவற்றில் ஒன்றிலும் கையெழுத்து வைப்பதில்லை என்று கணவனும் மனைவியும் பேசி முடிவெடுக்க வேண்டும். தானம் செய்ய மனம் உந்தினால் மாதம் இவ்வளவு என்று ஒரு தொகையை ஒதுக்கி, அதற்குள் அவர் விருப்பம்போல் கொடுக்கட்டும். கோயில் கட்டடத்துக்கென்றோ ஆசிரமத்துக்கென்றோ வருகிறவர்களுக்கு அந்தத் தொகையைத் தாண்டி ஒரு சதமும் இல்லை.

இனி நேர்த்திக்கடன். இதுதான் எங்களை மிகவும் கவலைப்படுத்துகிறது. உயிர் பிழைத்தால் இன்னது செய்கிறேன் என்று நோயாளியோ, அவருக்காக மனைவியோ தாயோ வேண்டியிருப்பார்கள். மரண பயமும் போய்விட்டதால் தயக்கமே இராது. நெஞ்சழுத்தம் பலமாகக் கொடுத்தவர்களுக்கு விலா எலும்பு வெடித்திருப்பது மிகச் சாதாரணம், மார்பெலும்பிலும் வெடிப்பு இருக்கலாம். அது பொருந்த ஏறத்தாழ ஆறு வாரம் வேண்டும். அதற்குள் பிரதட்டை உருள்வதும் அடியழிப்பதும் கூடவே கூடாது. இதய நாளத்தைத் திறந்துவைக்க ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாய் வைத்தவர்கள் அஸ்பிரினோடு குளோபிடோக்ரெலும் எடுப்பார்கள், மாரடைப்புக்குப் பின் பொதுவாக ஒரு வருடம் வரை. இரத்தம் உறையாமலிருக்கத்தான் அந்த மாத்திரைகள். அந்த உடலில் செடில் குத்தினால், அலகு குத்தினால் இரத்தம் எளிதில் நிற்காது. இரத்தத்துக்குப் பயந்து இரண்டு நாள் மாத்திரையை விட்டால் ஸ்டென்டுக்குள் இரத்தம் உறைந்து இதயம் மறுபடி நிற்கலாம். இரண்டு பக்கமும் பள்ளம். ஆடிவேல் ரதத்தின் பின்னால் செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டி வரை நடப்பதும், 5000க்கு மேற்பட்ட படிகளுள்ள சிவனொளிபாதமலை ஏறுவதும் கிளினிக்கில் கேட்ட பிறகுதான்.

விரதமும் அப்படியே. இன்சுலினோ கிளிக்லசைட் போன்ற மாத்திரையோ எடுப்பவர் கந்தசஷ்டி ஆறு நாளும் பாலும் பழமுமாக இருந்தால் சீனி சட்டென்று இறங்கி மயங்கலாம். ரமழான் நோன்பு பிடிப்பவருக்கும் அதே ஆபத்து. மருந்தளவை வைத்தியர் முன்கூட்டியே மாற்றித் தந்தால்தான் விரதம். திடீரென மச்சத்தை விடுபவர்கள் பலர். நல்லதுதான். ஆனால் வால்வு மாற்றியவர்களும் இதயத்துடிப்பு ஒழுங்கில்லாதவர்களும் இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் எடுத்தால், மீனுக்குப் பதிலாக நாளாந்தம் முருங்கையிலையும் வல்லாரையும் பொன்னாங்காணியும் என்று போகும்போது கீரையிலுள்ள விற்றமின் கே மருந்தின் வேகத்தைக் குறைத்துவிடும், இரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டும் ஐஎன்ஆர் அளவு இறங்கும், இரத்தம் கட்டியாக உறையலாம். கீரையை நிறுத்தத் தேவையில்லை. தினமும் ஏறத்தாழ ஒரே அளவு சாப்பிட்டு, உணவு மாறியதைக் கிளினிக் கொப்பியில் எழுதச் சொல்ல வேண்டும். குருக்களிடமோ சுவாமியிடமோ மௌலவியிடமோ கேட்டால் நேர்த்தியை மாற்றித் தருவார்கள், அன்னதானமாகவோ அர்ச்சனையாகவோ. குடும்பத்தில் யாராவது முந்திப்போய்க் கேட்டுவிடுங்கள்.

நம்பிக்கை மாறுவது வேறொரு சிக்கல். பலருக்கு ஆன்மிக ஈடுபாடு கூடும், ஆனால் சடங்கிலும் ‘நம்ம சமயம், அவன்ட சமயம்’ என்ற வேலியிலும் பிடிப்புக் குறையும். சைவ வீட்டுக்காரர் செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியாரிடம் போவது கொழும்பில் அதிசயமில்லை, அதற்கு யாரும் சண்டை பிடிப்பதில்லை. ஆனால் தேவாலயத்தில் பாடிக்கொண்டிருந்தவர் ‘எல்லாம் ஒன்றுதான்’ என்று பூசைக்குப் போகாமல் இருந்தால், அல்லது கோயில் தர்மகர்த்தா விபூதியை மறந்தால் வீடு இரண்டுபடும். அந்த நேரம் பார்த்து ஜெபக்கூட்டக்காரர் சாட்சி சொல்லக் கூப்பிடுவார்கள், ஆசிரமக்காரர் சொற்பொழிவுக்குக் கூப்பிடுவார்கள், யூடியூப்காரர் கமராவோடு வருவார். முதல் ஒரு வருடம் எந்த மேடையும் வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. மேடை எதை எதிர்பார்க்கிறதோ அதற்கேற்ப நினைவு வளையும். வீடியோவில் போனதைப் பிறகு மாற்றிச் சொல்லவும் முடியாமல் அவர் அதற்குள்ளேயே அகப்பட்டுக்கொள்வார். பேச ஆள் தேவைதான். பயிற்சி பெற்ற உளவளத்துணையாளர், அல்லது குறுக்கே பேசாமல் கேட்கத் தெரிந்த ஒரு பெரியவர் போதும். ‘பைத்தியமா?’ என்று பயப்படுபவர்களுக்கு ஒரு தகவல்: அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு 1994 முதல் சமய, ஆன்மிகப் பிரச்சினையை மனநோய் அல்லாத தனி வகையாகவே பட்டியலிட்டிருக்கிறது.

பயங்கரமாகக் கண்டவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. கிரேசனும் நான்சி இவான்ஸ் புஷ்ஷும் 1992இல் அப்படியான 50 அனுபவங்களைத் தொகுத்து மூன்று வகையாகப் பிரித்தார்கள்: வழக்கமான அனுபவமே பயமாக உணரப்படுவது, முடிவில்லாத வெறுமையில் தனியே கிடப்பது, நரகம் போன்ற காட்சிகள். இப்படிக் கண்டவர் கெட்டவர் என்று காட்ட எந்த ஆதாரமும் இல்லை. ஆனால் அவர் வாய் திறந்தால் ‘செய்த பாவம்’ என்று உறவினர் முடிவு கட்டிவிடுவார்கள் என்பதால் வாயே திறப்பதில்லை. இரவில் விளக்கை அணைக்க மறுத்தால், தனியே குளியலறைக்குப் போகப் பயந்தால் மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். பரிகாரம், கழிப்புக் கழித்தல் என்று தொடங்குவது அந்தப் பயத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போடுவதுபோல் ஆகும்.

பத்திரிகைக்கு எங்கள் வேண்டுகோள் இது. இப்படி ஒரு செய்தி வந்தால் இதயம் நின்றதை உறுதி செய்தவர் யார், எவ்வளவு நேரம், எந்த நாளில் நோயாளி முதன்முதலாகச் சொன்னார், யாரிடம் சொன்னார் என்பவற்றைக் கேட்டுவிட்டு அச்சிடுங்கள். நோயாளியின் பெயரும் படமும், அவர் கேட்டாலும்கூட, உடனே வேண்டாம். ‘மரணம் இவ்வளவு இனிமையானதா’ என்ற தொனியில் தலைப்பு வைக்க வேண்டாம். துக்கத்திலும் விரக்தியிலும் இருக்கிற ஓர் இளம்பிள்ளையின் கையிலும் அதே பத்திரிகை இருக்கிறது. உயிரை மாய்க்க முயன்று மீண்டவர் பற்றிய செய்தியானால் முறையை எழுதாமல், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தைக் கீழே போடுங்கள். வைத்தியசாலைகளுக்கும் ஒன்று: இதயம் நின்று மீண்டவரை வீட்டுக்கு அனுப்பும்போது ‘நினைவு தப்பியிருந்த நேரம் ஏதாவது ஞாபகம் இருக்கிறதா, அதனால் ஏதாவது கஷ்டம் இருக்கிறதா’ என்று கேட்டு, பதிலைக் கிளினிக் கொப்பியில் ஒரு வரியாக எழுத இரண்டு நிமிடம் போதும். அடுத்த கிளினிக்கில் இன்னொரு வைத்தியர் இருந்தாலும், மாத்திரை ஏன் நின்றது என்று அந்த ஒரு வரியைப் பார்த்தே அவர் கேட்கத் தொடங்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதிய உத்தியோகத்தர் ஒருவரும் உளவளத்துணையாளர் ஒருவரும்
வெள்ளவத்தை, கொழும்பு – 06
(பெயர்களை வெளியிட வேண்டாம்)